நாலாவது வரி

மார்ச் 4

தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் மனைவியும் மகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். நல்ல சேதிதான் என்னைத் தேடி வருவதில்லை, கெட்ட சேதிக்கு என் விலாசம் மனப்பாடம்.

ஐந்து வருஷம் கழித்து உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்திருப்பாய். பயப்படாதே, ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். நாம் இரண்டு பேரும் ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள் என்று நகராட்சி கொடுத்த குடும்பச் சான்றிதழ் அம்மாவின் இரும்புப் பெட்டியில் பச்சை உறையில் இருக்கும். பெட்டி உன்னிடம் இருக்கிறது. நான் பங்கு கேட்கவில்லை. நகல் போதும்.

போனில் கேட்டிருக்கலாம். போன் போலீஸ் நிலையத்தில் இருக்கிறது. போன மாதம் அலுவலகத்துக்கு வந்து போன், கணினி, கோப்புகள், சுவரில் மாட்டியிருந்த காலண்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். காலண்டர் எதற்கு என்று கேட்டேன். சில தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்ததாம், சந்தேகத்துக்கு இடமாக இருந்ததாம். அது தண்ணீர் கேன் வரும் நாள். என்மேல் ஒரு வழக்கும் எழுதியிருக்கிறார்கள். ஜூன் பன்னிரண்டு விசாரணை. பெரிதாக ஒன்றுமில்லை.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். சொல்வது சங்கடமாக இருந்தால் விட்டுவிடு.

அண்ணன்

*

மார்ச் 19

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே மூவரும் நலம். தங்கள் உடல்நலம் பற்றித் தாங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

சான்றிதழ் பச்சை உறையில் இல்லை, மஞ்சள் உறையில் இருந்தது. இரண்டு நகல் எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நான் இப்போது நகரத்துத் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் இல்லை. ஊருக்கு வெளியே, ஏரிக்கரையில் உள்ள சின்ன நிலையத்துக்கு மாற்றி நாலு வருஷம் ஆகிறது. ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் கிருமி இருந்தது, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. இங்கே அமைதியாக இருக்கிறது. நானும் ஒரு காவலாளியும் சில கொக்குகளும்தான்.

தாங்கள் கேன் தண்ணீர் குடிப்பதாகத் தெரிகிறது. அதை நம்ப வேண்டாம். கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிக்கவும்.

வழக்கு நல்லபடியாக முடியட்டும். அங்கே எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் தம்பி

*

மார்ச் 27

தம்பிக்கு,

நலம். நகல் வந்தது. "தங்கள்", "தாங்கள்" என்று எழுதியிருக்கிறாய். என்ன, மேலதிகாரிக்கு விடுப்பு விண்ணப்பமா? பதினெட்டு மாதம் மூத்தவன் நான். ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறோம். கிரிக்கெட் ஆடும்போது நீ என்னைக் கூப்பிட்ட பெயரை இங்கே எழுத முடியாது.

ஆனால் உன்னைச் சொல்லியும் குற்றமில்லை. பத்திரிகையின்படி எனக்குத் தம்பியே கிடையாது. அம்மா இறந்தபோது நீ பத்திரிகையில் கொடுத்த இரங்கல் விளம்பரம் என்னிடம் இருக்கிறது. முடிதிருத்தும் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது படித்தேன். அம்மா போனதே எனக்கு அதைப் பார்த்துத்தான் தெரியும். கீழே "ஒரே மகன்" என்று போட்டு உன் பெயர். கடைக்காரரிடம் கத்தரிக்கோல் கேட்டு வெட்டி எடுத்துக்கொண்டேன். முடி வெட்டிக்கொள்ளாமலே வந்துவிட்டேன்.

தொட்டித் தண்ணீருக்காக வேலையில் மாற்றல் வாங்கிக்கொண்ட யோக்கியன் நீ. சந்தோஷம்.

என் வேலை பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறேன், வயதாகிவிட்டது. ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்ந்தால் குற்றம் என்பது பழைய சட்டம், அது உனக்கே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதற்கு ஒரு வால் முளைத்தது. பிடிபட்டவனை விட வேண்டுமென்றால் இரத்த உறவு ஒருவர் நேரில் வந்து உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஐந்து வரி. இவர் எனக்கு இன்ன உறவு. இவரை என் வீட்டில் வைத்துக்கொள்வேன். திங்கள்தோறும் காவல் நிலையத்துக்கு அழைத்து வருவேன். இவர் எங்கள் குடும்பத்துக்கு அவமானம், இவரைப் பற்றி வெட்கப்படுகிறேன். இவருக்கு வைத்தியம் பார்ப்பேன். போடாவிட்டால் உள்ளே பத்து மாதம்.

என் வேலை அந்த உறவைத் தேடிப் பிடித்து, கடிதம் எழுதி, வரவழைத்து, அந்தக் கையெழுத்தைப் போடவைப்பது. பல வீடுகளில் கதவைத் திறக்கவே மாட்டார்கள். கடிதத்துக்குத் திறப்பார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை வெளியே கொண்டுவந்திருக்கிறேன். நாலாவது வரிக்கு வந்ததும் அம்மாக்களின் கை நின்றுவிடும். "போடுங்கம்மா, வெறும் மைதானே" என்பேன். போடுவார்கள்.

அதில் ஒருவன் கேக் செய்கிறவன். போன மாதம் பார்க்க வந்திருந்தான். அவன் அம்மா பத்திரத்தின் நகலைச் சமையலறை இழுப்பறையில் வைத்திருக்கிறாளாம். "ஸ்பூன் எடுக்கிறப்பல்லாம் நாலாவது வரி கண்ணுல படுது சார்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

இப்போது அந்த வேலைக்கும் குற்றம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தூண்டுதல். அதுதான் என்மேல் உள்ள வழக்கு. நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாய். இங்கே எல்லோரும் என்றால் நான்தான். சொல்லிவிட்டேன்.

அண்ணன்

*

மே 3

அண்ணனுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஏரியில் பாசி படர்ந்து நாலு வாரம் தினமும் இரண்டு முறை மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. அது மட்டும்தான் காரணம் என்று எழுத நினைத்தேன். அது மட்டும் இல்லை.

உங்கள் கடிதத்தை என் மனைவியும் படித்தாள். "உங்க அண்ணன் சௌக்கியமான்னு கேட்டாக்கூட சண்டைக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு" என்றாள். பிறகு மறுபடியும் வாங்கிப் படித்தாள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வழக்கிலும் அந்தப் பத்திரம் உண்டா? உண்டென்றால் யார் போடுகிறார்கள்?

தண்ணீரைக் கொதிக்கவைக்கிறீர்களா?

தம்பி

*

மே 8

தம்பிக்கு,

நலம். கொதிக்கவைக்கிறேன். ஆறவைக்கத்தான் பொறுமையில்லை.

பத்திரமெல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது. அப்பா வழியில் ஒரு பெரியப்பா மகன் வருகிறார். உனக்கு அவரைத் தெரியாது. நீ மெனக்கெட வேண்டாம். ஏரியைப் பார்.

அண்ணன்

*

மே 21

ஐயா,

வணக்கம். நான் உங்கள் அண்ணனின் அலுவலகத்தில் பதினாலு வருஷமாக டைப்பிஸ்ட். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார், நீங்களும் அப்படியே கூப்பிடலாம். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள் அப்பா வழியில் பெரியப்பாவே கிடையாது என்பது எனக்குத் தெரியும். குடும்பச் சான்றிதழை நான்தான் கோப்பில் வைத்தேன். வழக்கறிஞர் மார்ச் மாதமே சொல்லிவிட்டார், உங்களைத் தவிர வேறு யாரும் கையெழுத்துப் போட முடியாது என்று. அதன் பிறகு தினமும் காலையில் காகிதத்தை எடுத்து "தம்பிக்கு" என்று எழுதுவார், மத்தியானம் கிழித்துப் போடுவார். முந்நூறு குடும்பத்துக்கு எழுதியவருக்குத் தன் குடும்பத்துக்கு எழுதக் கை வரவில்லை.

அதனால் நாங்கள் வழக்கமாக அனுப்பும் கடிதத்தையே உங்களுக்கும் அனுப்புகிறேன். எழுதியது அவர்தான். கோடிட்ட இடத்தை மட்டும் நான் நிரப்பினேன்.

டைப்பிஸ்ட்

*அன்புள்ள குடும்பத்தாருக்கு,*

*நாம் ஒருவரை ஒருவர் அறியோம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் உங்கள் __அண்ணன்__ பற்றியது. அவர் நலமாக இருக்கிறார், சாப்பிடுகிறார். அவர் செய்தது சரியா தவறா என்று நான் உங்களோடு வாதாட வரவில்லை. உங்கள் கோபம் உங்களுடையது, அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது உங்கள் காலை ஒன்று.*

*__ஜூன் 12__ பத்தரை மணிக்கு நீதிமன்றத்துக்கு வாருங்கள். உறவுச் சான்று கொண்டுவாருங்கள். ஐந்து வரியுள்ள ஒரு தாள் தருவார்கள். எல்லாவற்றையும் வாசிக்க வேண்டாம். நாலாவது வரியில் கண்ணை நிறுத்த வேண்டாம். கீழே கையெழுத்துப் போடுங்கள். அது வெறும் மை. மை காய்வதற்குள் அவர் வெளியே வந்துவிடுவார்.*

*அவர் உங்களைக் கேட்கமாட்டார். கேட்காததை வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.*

*

மே 30

அண்ணனுக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று இப்போது தெரியும்.

டைப்பிஸ்டைத் திட்டாதே. அந்த அச்சடித்த கடிதத்தைப் பாதி படித்ததுமே உன் எழுத்து என்று தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அப்பா எழுதுவது போல எனக்கு விடுப்புக் கடிதம் எழுதித் தருவாயே, அதே மிடுக்கு. வாத்தியார்கள் ஒருமுறைகூடக் கண்டுபிடிக்கவில்லை.

கடைசி இரண்டு வாக்கியத்தை மட்டும் நாலைந்து தடவை படித்தேன்.

விளம்பரம் பற்றி எழுதிவிடுகிறேன். பத்திரிகை அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மேற்கண்டவை உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த வாரம்தான் பழைய சட்டத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் நீ போன படம் பத்திரிகையில் வந்திருந்தது. அதே பத்திரிகை. என்னுடைய சோதனைக்கூடத்தில் எல்லோரும் பார்த்திருந்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் தாங்கவில்லை. "ஒரே மகன்" என்று எழுதினேன். உன்னைக் காப்பாற்ற, போலீஸ் வராமலிருக்க என்று பின்னால் எனக்கே பல காரணம் சொல்லிப் பார்த்தேன். வெட்கத்தில்தான் எழுதினேன். எனக்காகத்தான் எழுதினேன். என் ஆயுசில் பொய் என்று தெரிந்து நான் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். தொட்டித் தண்ணீருக்கு வந்தபோது என்னால் போட முடியாமல் போனதற்கு என் யோக்கியம் காரணமில்லை. அந்தக் கை கூசிவிட்டது.

பன்னிரண்டாம் தேதி வருகிறேன். மாடி அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். என் மனைவி கட்டில் பார்த்துவிட்டாள்.

உன்னோடு இருந்தாரே, கணக்கு வாத்தியார், அவர் எப்படி இருக்கிறார்? இத்தனை வருஷத்தில் அவரை நான் விசாரித்ததே இல்லை. அவரும் வரவேண்டுமென்றால் அறை பெரியதுதான்.

தம்பி

*

ஜூன் 4

தம்பிக்கு,

நலம். டைப்பிஸ்டோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

வாத்தியார் இங்கிருந்து போய் இரண்டு வருஷமாகிவிட்டது. புதுச் சட்டத்தில் அவரைப் பிடித்தபோது அவருடைய அக்கா வந்து ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டு போனாள். வரச்சொல்லி அவளுக்குக் கடிதம் எழுதியது நான்தான். அவர் அவளுடைய வீட்டில் இருக்கிறார், குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்கிறாராம். கடிதம் எழுத அனுமதியில்லை போலிருக்கிறது. இரண்டு பேருக்கு வாங்கிய பாத்திரத்தில் ஒருவனுக்குச் சமைத்தால் அடிப்பிடிக்கிறது, வேறொன்றுமில்லை.

உன் விளம்பர விளக்கம் வந்து சேர்ந்தது. மன்னிப்பு கேட்டிருக்கிறாயா என்று தேடினேன். இல்லை. கேட்காததே நல்லது, நான் கொடுத்திருக்கமாட்டேன்.

இனி வேலையைப் பேசுவோம். பன்னிரண்டாம் தேதி நான் கம்பிக்குப் பின்னால் நிற்பேன், உன்னோடு பேச விடமாட்டார்கள். அதனால் இப்போதே சொல்கிறேன். நாலாவது வரியில் நீ நிற்பாய், எனக்குத் தெரியும். நிற்காதே. இது தொட்டி இல்லை, யாரும் இதைக் குடிக்கப்போவதில்லை. போட்டுவிட்டு வா. எனக்கு இரத்த அழுத்தம், முட்டிவலி. சிமென்ட் தரையில் பத்து மாதம் படுக்க என்னால் ஆகாது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாடி அறையில் வெளிச்சம் வருமா?

அண்ணன்

*

ஜூன் 14

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அங்கே நீ தூரத்திலிருந்து பார்த்தாய், கேட்டிருக்காது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எழுத்தர் தாளைக் கொடுத்தார். முதல் வரி உண்மை, சான்று கையில் இருக்கிறது. இரண்டாவது உண்மை, கட்டில் வந்துவிட்டது. மூன்றாவது, திங்கட்கிழமை எனக்கு வார விடுமுறை. ஐந்தாவது, வைத்தியம் பார்ப்பேன். இரத்த அழுத்தத்துக்கு என்று வைத்துக்கொண்டேன், பொய்யில்லை. நாலாவதில் நின்றேன்.

நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. நீ கம்பிக்குப் பின்னாலிருந்து காற்றில் எழுதுவது போலக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாய். போடு, போடு என்று. பார்த்தேன். பேனாவைக் கொண்டுபோனேன். அந்த வரி உண்மையாக இருந்த காலம் ஒன்று உண்டு, அண்ணா. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கூப்பிட்டிருந்தால் யோசிக்காமல் போட்டிருப்பேன். இப்போது அது உண்மையில்லை. உன்னைப் பற்றி இரண்டாவது பொய்யில் என் பெயரைப் போட முடியவில்லை.

எங்கள் அறிக்கைகளில் தவறான வரியை எப்படித் திருத்துவோமோ அப்படித் திருத்தினேன். அளவுகோல் வைத்து ஒரே கோடு. அடித்த வரி கீழே படிக்க முடிய வேண்டும் என்பது விதி. பக்கத்தில் முதலெழுத்து, தேதி. பிறகு கீழே முழுக் கையெழுத்து.

நீதிபதி அதைத் தூக்கிப் பார்த்து, "கை தவறிக் கோடு போட்டுட்டீங்களா? புதுத் தாள் தரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நல்ல மனுஷன்தான். புதுத் தாள் வாங்கியிருந்தால் நீ இப்போது மாடியில் இருப்பாய். "தவறலைங்க ஐயா, திருத்தியிருக்கேன்" என்றேன்.

வரி அடித்த பத்திரம் செல்லாது என்றார், அதோடு முடிந்துவிட்டது. பத்து மாதம் என்று வாசித்தபோது உன் முகத்தைப் பார்க்கவில்லை.

என் மனைவியும் நீதிமன்றத்துக்கு வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, மாடிக்குப் போய், கட்டிலில் மெத்தை போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

தம்பி

*

ஜூலை 30

அண்ணனுக்கு,

இங்கே நலம். ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. சிறையில் மாதம் ஒரு கடிதம் எழுதலாம் என்று டைப்பிஸ்ட் சொன்னாள். அந்த ஒன்றை நீ வேறு யாருக்காவது எழுதியிருக்கலாம்.

அறையில் வெளிச்சம் வருமா என்று கேட்டிருந்தாய். கிழக்கு ஜன்னல். காலை ஆறு ஐம்பதிலிருந்து பத்தேகால் வரை வருகிறது. ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துக் குறித்துவைத்தேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

நலம். இதை உனக்கு முன்னால் படிக்கும் அதிகாரி அவர்களுக்கும் வணக்கம்.

வேறு யாருக்கும் எழுதவில்லை. போன இரண்டு மாதக் கடிதத்தையும் உனக்குத்தான் எழுதினேன். முதலாவதை நானே கிழித்தேன். இரண்டாவதில் இருந்த வார்த்தைகளுக்காக இவர்கள் கிழித்தார்கள். ஒருமுறையாவது இவர்களும் நானும் ஒத்துப்போனோம்.

நீ ஒரு முட்டாள். இதை அதிகாரி அனுமதிப்பார் என்று நினைக்கிறேன். ஒரு கையெழுத்து. படிக்காதவர்கள், என்னைக் காறித் துப்பிய அப்பன்கள், மாமன்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டார்கள். என் சொந்தத் தம்பி அளவுகோலை எடுக்கிறான். முட்டி இரண்டு மடங்கு வீங்கியிருக்கிறது. தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறதோ தெரியாது, நிறமாக இருக்கிறது. நீ அதைச் சோதித்திருந்தால் நிலையத்தையே மூடியிருப்பாய். உன்மேல் உள்ள கணக்கில் இதையும் சேர்த்திருக்கிறேன்.

இங்கே பகல் நீளம். அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றையும் நான் கையில் வாங்கிச் சரிபார்த்திருக்கிறேன். தேதி சரியா, பெயர் சரியா என்று. முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றில்கூட நாலாவது வரியில் கீறல் இல்லை. எப்படி இருக்கும்? கண்ணை நிறுத்தாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தது நான். அவர்களை வெளியே கொண்டுவந்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கேக் செய்கிறவன் இழுப்பறையைத் திறக்கும்போது அவன் எங்கே இருந்தான் என்று நான் யோசித்ததில்லை. வாத்தியாரின் அக்கா வீட்டில் அந்தத் தாளை எங்கே வைத்திருக்கிறாளோ.

திரும்ப அந்த வேலைக்குப் போனால் மறுபடியும் "போடுங்கம்மா" என்றுதான் சொல்வேன். வேறு வழி தெரியவில்லை. அது வேறு விஷயம்.

ஒரு வேலை இருக்கிறது. நீ அடித்துத் திருத்திய அந்தத் தாளின் நகல் நீதிமன்ற எழுத்தரிடம் கேட்டால் கிடைக்கும். ஒன்று எடுத்து அனுப்பு. மேல்முறையீட்டுக்கு வேண்டும். தேவையில்லை என்று டைப்பிஸ்ட் சொல்வாள். அவள் சொல்வதைக் கேட்காதே. கோடு தெளிவாக விழுந்திருக்க வேண்டும், அடித்த வரியும் கீழே தெரிய வேண்டும். பக்கத்தில் உன் முதலெழுத்து மங்காமல் இருக்கிறதா என்று மூலத்தோடு ஒப்பிட்டுப் பார். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே கைதி ஒருவனுக்குக் குடும்பத் தாள் என்று ஒன்றுதான் வைத்துக்கொள்ள அனுமதி. அப்பா அம்மா படம், குழந்தை வரைந்த படம், எதுவானாலும் ஒன்று. நான் அந்த விளம்பரத்தை வைத்திருக்கிறேன். நகல் வந்தால் இரண்டில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எதைக் கொடுத்தேன் என்று உனக்கு எழுதப்போவதில்லை.

மெத்தையை வாரம் ஒருமுறை அந்த வெளிச்சத்தில் போட்டு எடுக்கச் சொல். சும்மா கிடந்தால் ஈரவாடை வந்துவிடும். உன் மனைவியை, மகளை, கொக்குகளைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்